சுமை ஏற்றிப் பார்க்கவில்லை

இது நடந்தது 1920களின் நடுவில், மலாயாவின் ஈப்போவில். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். லகாட் ரோட்டுப் பக்கம் தவுக்கே என்று நாங்கள் அழைத்த ஒரு சீன முதலாளியின் மோட்டார் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தேன். அந்தக் காலத்தில் மோட்டார் வைத்திருந்தவர்கள் ஈயச் சுரங்க முதலாளிகளும் தோட்டத்துத் துரைகளும்தான். வண்டி எது கெட்டாலும் எங்கள் பட்டறைக்கு வரும். வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இவன் காதால் கேட்டே பழுதைச் சொல்லிவிடுவான் என்று தவுக்கே வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை, ஒரு மோட்டாரை இரண்டு மாடுகள் இழுத்துக்கொண்டு வந்தன. முன் விளக்கு ஒன்று நசுங்கி, மட்கார்டு மடங்கி, இடது பக்கம் முழுக்கச் செம்மண் அப்பியிருந்தது. ஈப்போவிலிருந்து பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளி, மலைச்சரிவில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துத் துரையின் வண்டி அது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அதில் உட்கார்ந்து வந்தவர் அந்தத் தோட்டத்து டிரைவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நெற்றியில் ஒரு துணிக்கட்டு.

நடந்ததை அவர்தான் சொன்னார். இரண்டு நாளைக்கு முன் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் சம்சாரத்துக்குப் பிரசவ வலி கண்டிருக்கிறது. தலைப்பிரசவம். மருத்துவச்சி பார்த்துவிட்டுத் தன்னால் ஆகாது, பத்து காஜா ஊரில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டாள். துரை மனம் இரங்கித் தன் வண்டியையே கொடுத்திருக்கிறார். கிராணி, அவர் சம்சாரம், மருத்துவச்சி மூவரும் பின்னால் ஏறிக்கொள்ள, மதிய வெயிலில் வண்டி புறப்பட்டது. தோட்டத்து எல்லையில் ஒரு நீண்ட இறக்கம். அந்தக் காலத்து வண்டிகளுக்குப் பின் சக்கரத்தில் மட்டும்தான் பிரேக். அதை நம்பி யாரும் மலை இறங்க மாட்டார்கள். இரண்டாவது கியரில் போட்டு, இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி விட்டு, மெதுவாக இறங்குவார்கள். அவரும் அப்படித்தான் இறங்கினார். பாதி இறக்கத்தில் கியர் தானாகக் கழன்றுவிட்டது. பிடி இல்லாமல் வண்டி ஓட ஆரம்பித்தது. வலது பக்கம் பள்ளம். அவர் வண்டியை இடது பக்கத்து மண்மேட்டில் கொண்டுபோய் மோதினார்.

யாரும் சாகவில்லை என்றுதான் அந்த நிமிஷம் நினைத்திருக்கிறார்கள். வழியில் வந்த ஒரு மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, குழந்தை இறந்தே பிறந்தது.

டிரைவர் தாறுமாறாக ஓட்டினான் என்று கிராணி சொன்னார். கள் குடித்திருந்தான் என்றும் சொன்னார். கியர் தானாகக் கழன்றது என்று டிரைவர் சொன்னார். துரை வண்டியை எங்களிடம் அனுப்பி, பழுது வண்டியிலா ஆளிடமா என்று பார்த்துப் பதில் எழுதச் சொல்லியிருந்தார். பார்க்க வேண்டியவன் நான்.

கியர் லிவர் எப்படி வேலை செய்யும் என்று இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அந்த வண்டியில் லிவர் டிரைவரின் வலது கைப்பக்கம், வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடித்த ஒரு தாங்கியில் நிற்கும். கியர் பெட்டி தனியாக வண்டியின் நடுவில் இருக்கும். இரண்டையும் ஒரு கம்பி இணைக்கும். ஒவ்வொரு கியருக்கும் தாங்கியில் ஒரு வெட்டு உண்டு. லிவரை வெட்டுக்குள் தள்ளினால், கம்பி இழுக்க, பெட்டிக்குள் பல் சக்கரங்கள் ஒன்றோடொன்று முழுதாகச் சேர வேண்டும். வெளியே லிவர் நிற்கும் இடமும் உள்ளே பல் சேரும் இடமும் ஒத்துப்போக வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

நான் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தேன். இரண்டாவது கியரின் பற்கள் நுனியில் மட்டும் மழுங்கி, பளபளவென்று இருந்தன. மற்ற இடத்தில் தேய்மானமே இல்லை. லிவரை முழுதாகத் தள்ளாமல் அரைகுறையாகப் போட்டு ஓட்டினால் பல் இப்படித் தேயும். பார்த்த உடனே முடிவு செய்துவிட்டேன். ஆள் சோம்பேறி, லிவரைக் கடைசிவரை தள்ளுவதில்லை.

அவர் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "நான் முழுசாத்தான் தள்ளுவேன் அண்ணே" என்றார். வயதில் சின்னவனான என்னை அண்ணே என்று கூப்பிட்டார். "வெறும் வண்டியில அந்தக் கோளாறு வராது. பின்னால மூணு நாலு பேர் குந்தினாத்தான் வரும். லிவர் கையில தட்டும். சுமை ஏத்திப் பாருங்க."

நான் வண்டியின் முன்பக்கத்தை நிமிர்த்தி, தனியாக எடுத்துக்கொண்டு ஈப்போத் தெருக்களில் ஒரு சுற்று வந்தேன். சமதரை. இரண்டாவது கியர் அசையாமல் நின்றது. திரும்பி வந்து, ஒன்றும் இல்லை என்றேன். அவர் மறுபடியும் அதையே சொன்னார். சுமை ஏற்றி, மேடு பள்ளத்தில் ஓட்டிப் பாருங்கள் என்றார். வேண்டுமானால் தானே நாலு பேரைக் கூட்டி வருவதாகச் சொன்னார். கேட்கிற விதத்தில் கெஞ்சல் இருந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. கையெழுத்துப் போடத் தெரியாத தோட்டத்து டிரைவர் எனக்குப் பாடம் சொல்வதா என்று தோன்றியது. நாலு அரிசி மூட்டையை ஏற்றி, சுங்கை ராயா பக்கம் ஒரு மேட்டில் ஏறி இறங்க ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அந்த ஒரு மணி நேரத்தை நான் கொடுக்கவில்லை.

வண்டியில் பழுதில்லை, ஓட்டுபவர் கியரைச் சரியாகப் போடாததே காரணம் என்று நான் சொல்ல, தவுக்கேயின் எழுத்தர் எழுதினார். அதைப் படித்துக் காட்டும்படி டிரைவர் கேட்டார். எழுத்தர் மலாய் மொழியில் சொன்னார். அந்தத் தாளைத் துரையிடம் கொண்டுபோய்க் கொடுத்தவரும் அந்த டிரைவர்தான்.

ஒரு வாரத்தில் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்த அவர் வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். இதெல்லாம் எனக்கு அப்போது காதில் விழுந்தது. பாவம் என்று நினைத்ததாகக்கூட ஞாபகம் இல்லை.

நாலைந்து மாதம் கழித்து அதே வண்டி திரும்பி வந்தது. இந்த முறை துரையே ஓட்டி வந்தார். மூன்று நண்பர்களோடு தஞ்சோங் மாலிம் வரை போய் வந்தாராம். வழியில் இரண்டு முறை கியர் கழன்றது, லிவர் கையில் தட்டியது என்றார். டிரைவர் சொன்ன அதே வார்த்தை. அவர் சொன்னபோது அது சாக்கு. துரையின் கையில் தட்டிய பிறகு அது பழுது.

துரை சொன்னதால், தரைப் பலகைகளைக் கழற்றினேன். பெட்டியின் மூடியைத் திறந்து வைத்தேன். பின்சீட்டில் நாலு அரிசி மூட்டை ஏற்றி, பட்டறை ஆட்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தேன். லிவரை இரண்டாவது கியருக்குத் தள்ளினேன். வெட்டின் கடைசி முனையில் போய் இடித்து நின்றது. அதற்குமேல் ஒரு மயிரிழைகூடப் போகாது. எந்த டிரைவரும் முழுதாகப் போட்டுவிட்டோம் என்றுதான் நினைப்பான். குனிந்து பெட்டிக்குள் பார்த்தேன். பற்கள் நுனியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆட்களைக் கொஞ்சம் குலுங்கச் சொன்னேன். சுமையில் அடிச்சட்டம் வளைந்து கொடுக்க, என் கண் முன்னாலேயே அந்த நுனியும் நழுவியது.

லிவர் தாங்கிக்குக் கீழே போய்ப் படுத்துப் பார்த்தேன். தாங்கி இரண்டு போல்ட்டால் சட்டத்தில் பிடித்திருந்தது. போல்ட்டுகளின் மரை நட்டைத் தாண்டி அதிகமாக நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றினேன். தாங்கி உட்கார்ந்த இடத்தைச் சுற்றிப் பெயின்ட்டில் இன்னொரு சதுரத்தின் தடம். தாங்கிக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு கனத்த தகடு இருந்திருக்க வேண்டும். யாரோ கழற்றி, திரும்ப வைக்காமல் விட்டிருக்கிறார்கள். அது இல்லாததால் தாங்கி முழுதும் அந்தத் தகட்டின் கனம் அளவு பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தது. லிவர் தன் எல்லையை எட்டிவிடும், பல் எட்டாது. பற்கள் நுனியில் மட்டும் தேய்ந்ததும் அதனால்தான். முதல் நாளே என் கண்ணில் பட்ட தேய்மானம் அது.

அந்தத் தாங்கியைக் கழற்றாமல் கிளட்சுத் தோலை மாற்ற முடியாது. அதற்கு முந்தின வருஷம் அந்த வண்டிக்குக் கிளட்சுத் தோல் மாற்றியது எங்கள் பட்டறை. மாற்றியவன் நான்.

தகட்டை நான்தான் விட்டேனா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. வேறு யாராவது அதற்கு முன்னாலோ பின்னாலோ கழற்றியிருக்கலாம் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்தேன். ஆனால் அந்த வண்டி வேறு பட்டறைக்குப் போனதாக யாரும் சொல்லவில்லை. வண்டிக்கு அடியில் எவ்வளவு நேரம் படுத்துக் கிடந்தேன் என்று தெரியாது. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று ஒருவன் என் காலைத் தட்டினான்.

புதிதாக ஒரு தகடு வெட்டி வைத்தேன். சுமையோடு ஓட்டினேன். கியர் அசையவே இல்லை.

துரை வண்டியை எடுக்க வந்தபோது, முந்தைய டிரைவர் சொன்னது சரிதான் என்று அரைகுறை இங்கிலீஷில் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. பிறகு, அது முடிந்துபோன விஷயம், புது ஆள் வந்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். தவுக்கே என்னைத் தனியாக அழைத்து, இதை வெளியே பேசாதே, பட்டறைக்குக் கெட்ட பெயர் என்றார். நானும் பேசவில்லை. மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். சாப்பிட முடிந்தது, வேலை செய்ய முடிந்தது. ஆனால் எந்த வண்டியின் கியர் லிவரைத் தொட்டாலும் கை கூசியது.

கடைசியில் விசாரிக்கத் தொடங்கினேன். எந்தத் தோட்டத்திலும் அவரை டிரைவராக எடுக்கவில்லை. அவர் போகும் முன்பே அந்தத் தாளின் செய்தி போய்விட்டது. ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் இருப்பதாக ஒரு ஆள் சொன்னார். தாப்பா ரோட்டில் ரயில் மாறி, தெலுக் ஆன்சனில் இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் போய்ச் சேர்ந்தேன். உப்புத் தண்ணீர் வடிய வாய்க்கால் தோண்டுகிற வேலை அவருக்கு. இடுப்பளவு சேற்றில் நிற்க வேண்டும். நான் போன அன்று காய்ச்சல் என்று லயத்து வாசலில் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார். மஞ்சள் பூத்த கண்ணோடு என்னைப் பார்த்து, உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

அவர் சம்சாரம், யாரோ தெரிந்தவர் வந்திருக்கிறார் என்று கோப்பி கலக்கிக் கொண்டுவந்து வைத்தார். நான் யார் என்று டிரைவர் சொன்னதும் அந்த அம்மா உள்ளே போனார். பிறகு வெளியே வரவே இல்லை.

தாங்கி, போல்ட், தகடு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காலில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"சுமை ஏத்திப் பாருங்கன்னு சொன்னேன்லா" என்றார்.

"ஆமா அண்ணே. சொன்னீங்க."

"இடையில எனக்கே சந்தேகம் வந்திருச்சு" என்றார். "நாந்தான் முழுசா தள்ளாம விட்டுட்டனோன்னு. எளுதியே குடுத்துட்டாங்க, படிச்சவங்க பொய்யா சொல்லுவாங்கன்னு. தூக்கத்துல என் வலது கை தானா முன்னால தள்ளிக்கிட்டே இருக்கும்னு இவ சொல்லுவா."

ஈப்போவுக்கு வாருங்கள், எங்கள் பட்டறையில் வேலைக்குச் சேர்த்துவிடுகிறேன் என்றேன். தவுக்கேயைக் கேட்காமலே சொன்னேன். இனி வண்டி பக்கம் போக மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"கிராணி சம்சாரத்துக்கு இது தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

தகட்டை யார் விட்டது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. விட்டுப்போயிருந்தது என்று மட்டும் சொன்னேன். தமிழில் அப்படிச் சொல்ல வசதி இருக்கிறது. யார் விட்டது என்று சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும்.

கிராணி அதற்குள் கமுந்திங் பக்கம் வேறு தோட்டத்துக்கு மாறிப் போயிருந்தார். அடுத்த விடுமுறைக்குத்தான் என்னால் போக முடிந்தது. நான் போனபோது கிராணி ஆபீசில் இருந்தார். வீட்டில் அந்த அம்மா மட்டும் இருந்தார். இருபது, இருபத்திரண்டு வயதுக்கு மேல் இராது. வாசல்படிக்குக் கீழே நின்றுகொண்டு, ஈப்போப் பட்டறையிலிருந்து வருகிறேன் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த டிரைவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, அவர் மண்மேட்டில் மோதியிருக்காவிட்டால் எல்லோருமே பள்ளத்தில் போயிருப்பீர்கள் என்றும் சொன்னேன்.

அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அழவில்லை.

"வண்டி ஓடுனப்போ அவரு என்னைப் பாத்து, அம்மா கெட்டியாப் புடிச்சுக்கங்கன்னுதான் கத்துனாரு" என்றார். "அப்புறம் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நின்னாரு. நான் கீள இருந்த மண்ண வாரி அவரு மேல எறிஞ்சேன். உன் வம்சம் வெளங்காதுன்னேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அந்தத் தகட விட்டது யாரு?"

அதைக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். ரயிலில் வரும்போது முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்றுகூட மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அம்மா, அது நானாக இருக்கலாம். இவ்வளவுதான்.

"தெரியலைங்கம்மா" என்றேன்.

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். சந்தேகப்பட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. இவ்வளவு தூரம் ரயிலேறி வந்து உண்மையைச் சொன்ன ஒரு நல்ல மனுஷனைப் பார்க்கிற பார்வை அது. உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். அந்த டிரைவரைப் பார்த்தால் தன்னை மன்னித்துவிடச் சொல்லுங்கள் என்றார். நான் கிளம்பும்போது, "யாருன்னு தெரிய வந்தா எனக்கு ஒரு வார்த்த சொல்லி அனுப்புங்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வார்த்தையைக் கொண்டுபோய்ச் சேர்க்க மறுபடியும் ஹுத்தான் மெலிந்தாங் போனேன். தீபாவளி முடிந்த பிறகுதான் போக முடிந்தது. அந்த லயத்து அறையில் வேறு ஒரு குடும்பம் இருந்தது. அவர் காய்ச்சலில் இறந்துபோய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது என்றார்கள். சம்சாரத்தை யாரோ உறவுக்காரர் வந்து அழைத்துப் போனார்களாம். எந்தத் தோட்டம் என்று யாருக்கும் தெரியவில்லை. அடக்கம் செய்த இடத்தைக் காட்டினார்கள். தென்னை மரங்களுக்கு நடுவே ஈர மண். அங்கே நின்று கிராணியின் சம்சாரம் சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன். பாதியில் வெட்கமாக இருந்தது, நிறுத்திவிட்டேன்.

கமுந்திங்குக்கு நான் திரும்பப் போகவே இல்லை. அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். பிறகு அவர்கள் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ வண்டிகளைப் பார்த்துவிட்டேன். எந்த டிரைவர் வந்து எதைச் சொன்னாலும், எவ்வளவு அபத்தமாகத் தோன்றினாலும், அவர் சொன்னபடியே சுமை ஏற்றி, பக்கத்தில் அவரையும் உட்கார வைத்து, ஒரு மேட்டில் ஏறி இறங்கிப் பார்க்காமல் பதில் சொல்வதில்லை. பொறுமைசாலி என்று என்னைப் பற்றிச் சொல்கிறார்கள். ஒரு மனிதர் சொன்னதை நம்பாதது என் கர்வம். அதைக்கூட மூப்பும் காலமும் கொஞ்சம் மன்னித்துவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வாசல்படியில் நின்றபோது என்னை யாரும் மிரட்டவில்லை, என் வேலை போய்விடும் என்ற பயம்கூட அந்த நிமிஷத்தில் இல்லை. கேட்டவர் ஒரு சின்னப் பெண், கேட்டது ஒரே ஒரு கேள்வி, அதற்கு எனக்குத் தெரிந்த பதிலை நான் சொல்லாமல் வந்துவிட்டேன் என்பதை நினைக்காமல் இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் நான் கண் மூடியதில்லை.